உள்ளே விட்ட துணி

"ரெண்டு பக்கமும் தொளதொளன்னு நிக்குதுடா. கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்று சின்னம்மா, அக்காவுக்குப் போட்டுவிட வேண்டிய நீல கவுனை அவன் கையில் கொடுத்தாள்.

உள்ளறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகிற நேரத்தில் போய்விட்டாள். முன்னறைதான் அவர்களுடைய தையல் கடை. அவன் துணி வெட்டுவான், அக்கா தைப்பாள். கத்திரி என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். அவர்களுக்குள் ஓயாமல் நடந்த சண்டை, தையலைத் தாண்டி உள்பக்கம் எவ்வளவு துணி விடுவது என்பதைப் பற்றி.

"இவ்வளவு விட்டா உள்ளே புடைச்சுக்கிட்டு நிக்கும்க்கா."

"நிக்கட்டும். ஆளுங்க என்ன உன் டேப்புக்குள்ளயா வாழுறாங்க? இளைப்பாங்க, பெருப்பாங்க. பிரிச்சு விட உள்ளே துணி வேணும்டா கத்திரி."

வாசலில் அத்தான் வருகிறவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன வியாதின்னே தெரியலைங்க." கேட்டவர்கள் நம்ப முடியாமல் மறுபடியும் கேட்டார்கள். அவர் மறுபடியும் சொன்னார்.

அவன் கவுனை உள்பக்கமாகத் திருப்பி மேசையில் விரித்தான்.

போன மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் கையில் பிடிமானம் குறைந்தது. பிறகு உடம்பு உருகியது. ரத்தம் சரியாக இருந்தது, ஸ்கேன் சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த டாக்டருக்கு ஒரு சீட்டு.

"ஒருத்தர் காலரைப் பாக்குறார், ஒருத்தர் கையைப் பாக்குறார்" என்று சொல்லி அக்கா சிரித்தாள். "முழுச் சட்டையையும் போட்டுப் பாக்க ஆள் இல்லை."

ஒரே ஒரு டாக்டர், வயதில் சிறியவர், கோப்பை மூடி வைத்துவிட்டு, "எனக்கு இன்னும் தெரியலைம்மா" என்றார். அன்று பேருந்தில் அக்கா உற்சாகமாக இருந்தாள்.

"தெரியலைன்னுதானேக்கா சொன்னாரு? அதுக்கு என்ன சந்தோஷம்?"

"மத்தவங்க ஒண்ணும் இல்லைன்னாங்க. இவரு தெரியலைங்கிறாரு. அப்படின்னா ஏதோ இருக்குன்னு நம்புறாரு. நான் பொய் சொல்லலைடா."

அதன்பிறகும் அவள் வேலையை விடவில்லை. தன் அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டாள். கால் மிதிக்க மறுத்தபோது மிஷினை விட்டு நகர்ந்து, பொத்தானும் ஓரமடிப்பும் எடுத்துக்கொண்டாள். ஊசி கோக்க முடியாமல் போனபோது, தினமும் காலையில் அவன் ஒரு வரிசை ஊசிகளில் நூல் கோத்து, ஊசி குத்தும் சின்னப் பஞ்சுமெத்தையில் குத்தி வைத்தான். "முடிஞ்சுபோச்சு, அடுத்தது கோத்துக் குடுடா" என்று சாயங்காலம் அவள் அதிகாரம் பண்ணும்போது, உடம்பு சரியில்லாதவள் யார் என்று அவனுக்கே சந்தேகம் வரும். சொன்ன தேதியில் துணி வாங்காமல் திரும்பிப் போனவர்கள் யாரும் இல்லை.

இந்தக் கவுன் அவள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போட்டுக்கொள்வது. இளைக்க இளைக்க இரண்டு தடவை மிஷினில் பிடித்தாள். இரண்டு தடவையும் மிஞ்சிய துணியை வெட்டப் போனான். கையில் அடித்தாள்.

"கை வைக்காதே. என்னன்னு கண்டுபிடிச்சா உடம்பு ஏறும். அப்ப துணிக்கு எங்க போவேன்?"

இப்போது பார்த்தால் மூன்றாவதாக ஒரு தையல் இருந்தது.

அவனுக்குத் தெரியாது. மிஷின் தையல் இல்லை. கையால் போட்டது, கோணல்மாணலாக, நீள நீளமாக, முடிச்சில்லாமல். நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும். போட்டுப் பார்த்துவிட்டுப் பிரிப்பதற்காக, ட்ரையலுக்குப் போடுகிற தையல். நூலைப் பார்த்தான். அவன் கோத்துக் கொடுத்த நூல்தான்.

பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் அக்காவின் போன் அடித்தது. எடுத்தான். தெரியலை என்று சொன்ன அந்த இளைய டாக்டர்.

"நான் டாக்டர் பேசுறேன். கடைசியா எடுத்த டெஸ்ட் வந்திருக்கு. இதுலயும் பிடிபடலை. இன்னொண்ணு பாக்கலாம்னு நினைக்கிறேன். அம்மாவைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வர முடியுமா?"

"அக்கா இன்னைக்குக் காலையில போயிட்டாங்க டாக்டர்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என்னால கண்டுபிடிக்க முடியலைங்க" என்றார்.

"அக்காவுக்கு உங்க மேல நல்ல மரியாதை. தேடுறதை விட்டுடாதீங்க. என்னைக்காவது தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கதான் இருப்பேன்."

"சொல்றேன்" என்றார் அவர். "கண்டிப்பா சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவன் பஞ்சுமெத்தையை இழுத்தான். நேற்றுக் காலை கோத்துக் கொடுத்த ஊசிகளில் ஒன்று மீதி இருந்தது. மிஷின் பக்கம் போகவில்லை. அவளுடைய கோணல் தையலை ஒட்டி, அதற்கு உள்ளே, நீள நீளமாக ஒரு வரி போட்டான். வெட்டிப் பழகிய கை. அவனுடையது இன்னும் கோணலாக வந்தது. நுனியில் முடிச்சுப் போடவில்லை.

சின்னம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கவுனின் பக்கத்தைத் தடவினாள்.

"என்னடா இது, பாதித் துணி உள்ளேயே இருக்கு! இனிமே எதுக்கு? வெட்டிடு, புடைக்காம அழகா இருக்கும்." ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை அவளே எடுத்து நீட்டினாள்.

"இருக்கட்டும் சின்னம்மா."

"புடைக்குமேடா."

அவன் கத்தரிக்கோலை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினான். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சொருகி, சூடேறும்வரை நின்றான். தண்ணீர் தெளித்து, உள்ளே விட்ட துணியை ஒரு பக்கமாக மடித்து, அது படியும்வரை மெதுவாகத் தேய்த்தான்.