வாசல் வேலை

"வாசல்ல யாரு நிக்கிறா?"

அம்மா மறுபடியும் கேட்டபோது, மகள் அப்பாவின் அடக்க ஆராதனைக்குப் பாட்டுத் தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி யாரும்மா நிப்பா? துக்க வீட்டுக்காரங்க முன்னாடி உக்காரணும்னு போதகர் சொல்லிட்டாரு."

"நல்லா சொன்னாரு போ! உங்கப்பாவோட கூட்டத்துக்கு வாசல்ல ஆளில்லையா? நீ போய் நில்லு."

மகளுக்கு முகம் தெரியாதவர்களோடு பேசவே வராது. நாள் முழுக்கச் செயற்கைப் பற்களைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. பற்கள் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர்களுடைய மெதடிஸ்ட் சபை பிறந்ததே ஒரு கோபத்தில்தான். வேறொரு ஆலயத்தில் ஒவ்வொரு பெஞ்சையும் ஒரு குடும்பம் சொந்தம் கொண்டாட, நிற்க வைக்கப்பட்ட சிலர் வெளியேறி ஒரு சைக்கிள் கடையில் ஜெபம் நடத்தினார்கள். அன்றிலிருந்து இங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது. வருகிறவரைக் கைபிடித்து அழைத்து உட்கார வைக்க வாசலில் ஓர் ஆள் நின்றே ஆகவேண்டும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு அந்த வாசலே கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரையும் விடாமல் இழுத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். பாவம் அந்த மனிதர், கூச்சத்தில் எழுந்திருக்கவே இல்லை. இன்று பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையதுதான்.

மகள் போய் நின்றாள். சீருடையோடு வந்த பஸ் ஓட்டுநர்கள் படிக்குக் கீழேயே தயங்கினார்கள்.

"நாங்க உங்க சபை இல்லம்மா. இங்கயே நின்னு பாத்துட்டுப் போறோம்," என்றார் மூத்தவர்.

அவள் பேசாவிட்டால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் வெளியே நிற்பதா? சட்டென்று கையை நீட்டினாள்.

"வாங்கண்ணே. படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. "கண்டக்டரையே நிறுத்தி வச்சிருக்காங்கப்பா!" என்றபடி எல்லோரும் ஏறினார்கள். அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. கைகொடுத்தாள், தோளைத் தட்டினாள், அழுதவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். சாவு நாளில் இத்தனை சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

போதகர் அம்மாவிடம் ஓடிவந்தார். "முன்வரிசை பூரா டிரைவருங்க! நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"

"யாராவது கொஞ்சம் தள்ளி உக்காந்தா போச்சு," என்றாள் அம்மா.

வெளியே வண்டி வந்து நின்றது. நாலு பேர் அப்பாவின் பெட்டியைத் தோளில் ஏற்றிப் படியேறினார்கள். வாசலில் கொஞ்சம் நெருக்கடி. மகள் இன்னொரு கதவையும் அகலத் திறந்து, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, அப்பா," என்றாள். "உள்ள வாங்க."