இறக்கைப் போல்ட்டுகள்

ஒன்பது நாளாக விமானத் தொழிற்சாலையில் வேலை நின்றுபோயிருந்தது. இறக்கையை உடம்போடு பூட்டும் போல்ட்டுகள் வந்து சேரவில்லை. கொட்டகை நடுவில் ஒரு விமானம் முண்டமாக நின்றது. ஆட்கள் சும்மா நின்று நின்றே களைத்துப்போனார்கள்.

பத்தாம் நாள் காலையில் பெட்டிகள் வந்தன. வரும் சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு வாஷர்கூட உள்ளே போகாது. போல்ட்டு செய்து அனுப்பியது அவள் கொழுந்தனின் பட்டறை. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லி வாங்கும் பிரிவில் வாய்விட்டுக் கேட்டதே அவள்தான்.

நீளம், மரை எல்லாம் கச்சிதம். சோதனை அறிக்கையைப் புரட்டியபோதுதான் கை நின்றது. எவ்வளவு இழுத்தால் போல்ட்டு அறும் என்பதற்கு ஆறு எண்கள். எங்கேயோ பார்த்த எண்கள். போன மாத அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஆறும் அப்படியே, கடைசிப் புள்ளிவரை. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கே கைரேகை ஒத்துப்போகாது. வேறு வேறு நாளில் உலையில் வெந்த இரும்புக்கு எப்படி ஒத்துப்போகும்? போன மாதச் சரக்கில் இருந்தது அவள் கையெழுத்து.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

“டெஸ்ட் பண்ணினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“லேப்ல மூணு வாரம் ஆகும்னாங்க அண்ணி. உங்காளுங்க தினம் பத்து போன். நான் என்ன பண்ண? முதல் லாட்டு டெஸ்ட்டுல நல்லாத்தான் வந்துச்சு. அதே இரும்பு, அதே உலை.”

“போன மாசத்து?”

“அதுவும்... பண்ணலை.”

போன மாதப் போல்ட்டுகள் மூன்று விமானங்களில் ஏறிவிட்டன. அதில் இரண்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்துகொண்டிருந்தன.

உற்பத்தி மேலாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் ‘கடிகாரம்’. அவள் சொன்னதைக் கேட்டு முதல்முறையாக அவர் மணி பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடும்மா. போன மாசத்தைக் கிளறாதே. கையெழுத்து உன்னுது. முதல்ல போறது உன் தலை.”

“தெரியும் சார்.”

“வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“கேட்டா எழுத விடமாட்டாரு சார்.”

மேசைக்குத் திரும்பி, விமானப் பாதுகாப்புத் துறைக்கு நின்றுகொண்டே எழுதினாள். மூன்று விமானங்களின் எண்களும், தன் பெயரும். சாயங்காலத்துக்குள் பறந்த இரண்டும் தரையிறக்கப்பட்டன.

கடிகாரம் சொன்னது பலித்தது. ஒரே வாரத்தில் அவள் வேலை போயிற்று. கொழுந்தனைப் போலீஸ் கூட்டிப்போனது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த முப்பது பேர் தெருவில் நின்றார்கள். ஓரகத்தி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வெளியாள் யாராவது காட்டிக்கொடுத்திருந்தா மனசு ஆறியிருக்கும்க்கா.”

உட்காரச் சொன்னாள் இவள். அவள் உட்காரவில்லை.

வீட்டில் கணவன் இவளோடு பேசுவதை நிறுத்தினான். சோறு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் கேட்கவில்லை. தம்பியைப் பார்க்கச் சிறைக்குத் தனியாகவே போய்வந்தான்.

இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவள் போனில் சொன்னாள். மூன்று விமானத்திலிருந்தும் கழற்றிய தொண்ணூற்றாறு போல்ட்டில் ஐந்தில் மயிரிழை விரிசல். ஐந்தும் ஒரே விமானத்தில், ஒரே இறக்கையில்.

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் போய் அதைச் சொன்னாள். அவன் கை அப்படியே நின்றது. அறுபது நாளுக்குப் பிறகு வாய் திறந்தான்.

“மத்ததெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கேலியில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே கேட்டான். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஆமாம் என்று எப்படிச் சொல்வாள்? மற்றத் தொண்ணூற்றொன்றை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வாள்? அவன் மீதிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, தம்பியைப் பார்க்கக் கிளம்பிப் போனான்.