பன்னிரண்டு வரையிலான தேதிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு வீரபாண்டியிடமிருந்து போன் வந்தது. திராட்சை விவசாயிகள் சங்கத்தில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. ரெஹானா அதே சங்கத்தில் கணினி வேலை பார்ப்பவள்.

"என்ன தாயி, வெட்டுற லிஸ்ட்டுல நாப்பத்தொரு தோட்டம் வந்திருக்கு? கம்பத்துல இருக்க லாரி பூராத்தையும் புடிச்சாலும் பத்தாது போலயே!" என்று சிரித்தார்.

ரெஹானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு தோட்டம்தான் வரும்.

மருந்தடித்து இருபது நாள் கழியாமல் எந்தத் தோட்டத்திலும் கொத்தை வெட்டக்கூடாது என்பது சங்கத்தின் விதி. எங்கே, எப்போது அடித்தார்கள் என்கிற ஆறு வருட விவரமும் கணினியில் இருந்தது. ஆனால் தேதிகள் எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடந்தன. பட்டியல் கேட்கும்போதெல்லாம் மூன்று லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகத் தேதியாக மாற்றிப் பார்த்து, நாலு நிமிடம் கழித்துத்தான் கணினி பதில் சொல்லும். போன மாதக் கடைசியில் ரெஹானா அதைத் திருத்தினாள். தேதிக்கென்று அட்டவணையில் தனிப் பத்தி. ஒரே ஒரு முறை மாற்றினால் போதும், அப்புறம் தொட வேண்டாம். பழைய வரிகளை இரண்டு வாரம் உட்கார்ந்து சரிபார்த்தே மாற்றினாள். புதிதாக வரும் வரிகளில் ஒருவர் கோடு போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார். அதனால் எந்த வடிவத்தையும் தானே புரிந்துகொள்ளும் ஓர் ஆயத்த நிரலிடம் அவற்றை விட்டாள். பட்டியல் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. செயலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். பட்டியலின் முதல் பெயர் பீட்டர்ராஜ். கடைசி மருந்து, அக்டோபர் பதினெட்டு.

"பீட்டர்ராஜ் அண்ணன் தோட்டத்துல கடைசியா எப்பண்ணே அடிச்சீக?"

"வியாழக்கெழம. ஆறாந்தேதி. நான்தான கூட நின்னேன்."

மேஸ்திரி பதிந்த வரியைத் தேடினாள். இருந்தது. 06/11. பக்கத்துப் பத்தியில் அது ஜூன் பதினொன்றாக மாறி உட்கார்ந்திருந்தது.

நிரல் முதல் எண்ணை மாதமாகப் படித்திருக்கிறது. இருபத்தெட்டாம் மாதம், முப்பதாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அப்படிப்பட்ட தேதிகளை மட்டும் திருப்பிப் போட்டுச் சரியாகப் படித்திருக்கிறது. ஒரு முனகல்கூட இல்லை. அவள் சோதித்தது அக்டோபர் கடைசி வாரத்து வரிகளை. ஒன்றுகூடத் தப்பவில்லை. நவம்பர் பிறந்தது முதல் அடித்த மருந்தெல்லாம் பழைய மாதங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"யாராச்சும் வெட்டிட்டாகளாண்ணே?"

"ஞாயித்துக்கெழம யாரு வெட்டப் போறா? பீட்டர்ராஜு மட்டும் நேத்துச் சாயந்தரம் நாலு கூடை வெட்டுனாரு. அவுகளுக்கு முத வெட்டு மாதா கோவிலுக்குல்ல? பூச முடியவும் பிள்ளைகளுக்குக் குடுப்பாக."

நேற்று மதியம் பீட்டர்ராஜ் அவளுக்குப் போன் செய்திருந்தார். ஏம்மா, வியாழக்கெழமதான மருந்து அடிச்சாக, வெட்டலாம்னு மெசேஜ் வந்திருக்கே என்று கேட்டார். பழகாத ஆட்களோடு போனில் பேசுவது அவளுக்கு ஆகாது. எப்போது வைப்போம் என்றிருக்கும். "அது சத்து மருந்தா இருக்கும்ணே. கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு, வெட்டுங்க" என்று வைத்துவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது அவர் எண்ணை நாலு தடவை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூசை எட்டு மணிக்கு முடிந்துவிடும்.

வீரபாண்டியை மறுபடி கூப்பிட்டாள். "நாப்பத்தொரு பேருக்கும் போன் போடுங்கண்ணே. ஒரு கொத்துகூட வெட்டக் கூடாது."

"அப்ப நீயி?"

"கோவிலுக்குப் போறேன்."

அவள் வீடு இருந்த உத்தமபாளையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர். அவள் ஸ்கூட்டரை நாற்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. இன்று முள் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பந்தல் பந்தலாகத் திராட்சை கறுத்துத் தொங்கியது. எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? ஐம்பது? நூறு? நேற்றுக் கேட்டாரே, கேட்டாரே என்று வாய் தானாக முனகிக்கொண்டே வந்தது.

கோவில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாலு கூடைகளும் இருந்தன. பீட்டர்ராஜின் மனைவி ஜெயமேரி கொத்துகளைக் கத்தரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கடைசிப் பாட்டு ஓடியது. ரெஹானா வண்டியை நிறுத்தினாள். அது சாய்ந்து விழுந்தது. "அக்கா" என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது.

பாட்டு முடிந்தது. பிள்ளைகள் வாசலை முட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய்த் தட்டைத் தள்ளிவிட்டுக் கூடைகளின் மேல் குப்புற விழுந்தாள்.

"ஏய், யாருடி இவ! வேணும்னா வாயத் தொறந்து கேளேன், குடுக்க மாட்டமா?" என்று ஜெயமேரி கத்தினார். யாரோ சிரித்தார்கள். ஒரு பையன் அவள் கைக்கு அடியில் கையை நுழைத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து," என்றாள். குரல் வந்துவிட்டது. "வியாழக்கெழம அடிச்ச மருந்து. யாரும் திங்காதீங்க. நான்தான் தப்பா வெட்டச் சொல்லிட்டேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீட்டர்ராஜ் வந்தார். "போன்ல பேசுன பிள்ளயா நீ?"

தலையாட்டினாள்.

"அஞ்சு தண்ணில அலசுனேனே," என்ற ஜெயமேரியின் முகம் பாதியில் மாறியது. "இவா… எம்மக இவா எங்க? அலசுறப்பவே ஒரு கொத்தத் தூக்கிட்டுப் போனாளே!"

இவாஞ்சலின் மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. கையில் வெறும் காம்புதான் இருந்தது.

பீட்டர்ராஜும் ஜெயமேரியும் ரெஹானாவும் பிள்ளையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பிள்ளையின் கண்ணுக்குள் விளக்கடித்தார், நாடி பிடித்தார், வாயில் எச்சில் கூடுகிறதா என்று பார்த்தார்.

"என்ன மருந்து? என்னைக்கு அடிச்சது?"

ரெஹானா மருந்தின் பெயரைச் சொன்னாள். "நவம்பர் ஆறு, வியாழக்கிழமை" என்றாள்.

"இப்பத்திக்கு ஒண்ணும் தெரியல. சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டும். வேர்த்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கூப்பிடுங்க."

ஜெயமேரி கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்தார். ரெஹானா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருமில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை கண்ணை மூடினால் ஜெயமேரி உலுக்குவார். "தூங்காத ஆத்தா, அம்மாவப் பாரு." மின்விசிறி சரியாக ஓடவில்லை. பிள்ளையின் நெற்றியில் வேர்வை அரும்பியபோது பீட்டர்ராஜ் நர்ஸைக் கூப்பிட ஓடினார். நர்ஸ் வந்து பார்த்து, புழுக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணி. பதினொன்று. வீரபாண்டியிடமிருந்து செய்தி வந்தது. மற்ற நாற்பது பேரிடமும் பேசிவிட்டார், எவரும் வெட்டவில்லை. அதை அவள் இரண்டு முறை படித்தாள். கண் மறுபடி கட்டிலுக்கே போனது.

நாலே முக்காலுக்கு டாக்டர் இன்னொரு தரம் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

ஜெயமேரி அப்போதுதான் அழுதார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அவுகதான் நேத்து ஒங்கிட்டக் கேட்டாகல்ல?"

"கேட்டாக," என்றாள் ரெஹானா.