ஆந்தையும் எலுமிச்சம்பழமும் பின்லாந்து போன கதை

1

இந்தக் கதை ஓர் எலுமிச்சம்பழத்திலிருந்து வந்தது. இதில் நான் இட்டுக்கட்டாதது அது ஒன்றுதான். (இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.)

இளங்குமரன் நான் அல்ல. அவனுக்கு மீசை உண்டு.

முதல் தொடக்கம்: 'செம்பனைத் தோட்டத்தில் பொழுது புலர்ந்து—' அடித்துவிட்டேன். பொழுது புலரும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'விஜிதா போன பிறகு இளங்குமரன்—' எங்கே போனாள் என்று கேட்பீர்கள். இதுவும் வேண்டாம்.

2

சரி. சிரம்பான் பக்கம், மம்பா ஊரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற மரம். எலி பிடிக்க அங்கே ஆந்தை வளர்க்கிறார்கள். கம்பத்தில் பெட்டி கட்டினால் ஆந்தை தானாகக் குடிவரும்.*

தோட்டத்து ஜனங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று பெட்டிகளைக் கழற்றி எறிந்தார்கள். சிரம்பானில் ஒரு கல்லூரியில் உயிரியல் கற்பித்த விஜிதா இதை ஆராய்ந்தாள். எந்த வீட்டருகே ஆந்தை கத்தியது, எந்த வீட்டில் சாவு விழுந்தது என்று சில வருடங்கள் பார்த்தாள். முடிவு: ஒரு தொடர்பும் இல்லை. அவள் கணவன் இளங்குமரன் எலிகளை எண்ணினான். ஆய்வில் அவன் பெயர் இரண்டாவது.

பின்லாந்தில் ஒரு மாநாடு அதைப் போஸ்டராக மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க ஏற்றுக்கொண்டது. (முதலில் நார்வே என்று எழுதினேன். நார்வேக்குள் எலுமிச்சம்பழம் விடுவார்களா என்று தெரியவில்லை. பின்லாந்தும் தெரியாது.) செய்தி வந்த வாரம் விஜிதா இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு.

(மேலே உள்ள வரியை மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அதே நீளம்தான்.)

* எலிகளின் கருத்து கேட்கப்படவில்லை.

3

தோட்டத்து மண்டோர் தங்கராஜு துக்கம் விசாரிக்க வந்தார். கூலிகளை மேய்க்கிறவர். பேசத் தயங்குகிறவர் அல்ல.

"சார், மனசுல வச்சுக்காதீங்க. அன்னிக்கு உங்க வீட்டுக் கூரையில கத்துச்சு. என் காதால கேட்டேன் லா."

"கேட்ட நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"அதான் சார் எனக்கும் ஆச்சரியம்." கொஞ்சம் யோசித்தார். "பின்லாந்துலயும் ஆந்தை கத்துமா சார்?"

"கத்தும்."

"என்ன பாசையில?"

4

புறப்படும் நாளில் மாமியார் திலகம் ரஹாங்கிலிருந்து வந்துவிட்டார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். யாழ்ப்பாண வழக்கப்படி அவருக்கு அது தேசிக்காய்.

"ஆந்தைப் படத்தைச் சுருட்டிக்கொண்டு பிளேன் ஏறுறீங்கள், தம்பி. ஒரு தேசிக்காயாவது வேணாமோ?"

"மாமி, இதைப் பார்த்தா விஜிதா சிரிப்பா."

"சிரிக்கட்டும்," என்றார் மாமி.

கார்ச் சக்கரங்களுக்கு அடியில் நாலு. போஸ்டர் குழாய்க்குள் ஒன்று.

விமானத்தில் அது நசுங்கியது. மை கரைந்தது. விஜிதாவின் பெயர் மட்டும் கரைந்தது என்று எழுதக் கை போனது. வெட்கமாக இருந்தது. ஆகவே கரைந்தது ஓர் எலி. அதிலும் பாதி எலி.

5

மாநாட்டு வாசலில் ஒரு பெண் இரண்டு பெயரட்டைகளை நீட்டினாள். "டாக்டர் விஜிதா எங்கே?"

"பின்னால வர்றாங்க," என்றான் இளங்குமரன், ஆங்கிலத்தில்.

இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டான். நடந்தால் ஒன்றோடொன்று மோதின. டாக்டர் விஜிதாவுக்கென்று ஒரு நாற்காலியும் தேநீரும் வந்தன. நாற்காலியில் உட்காரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டான்.

இனி யாராவது போஸ்டரைப் படிப்பார்கள். 'ஒரு தொடர்பும் இல்லை' வரை வருவார்கள். பிறகு முதல் பெயரைக் காட்டி, இவர் எங்கே என்பார்கள். இறந்துவிட்டாள் என்றால், ஆந்தை கத்தியதா என்பார்கள். கத்தியது. ஒரு சாவால் கணக்கு மாறாது, அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவர் ஆந்தைப் படத்தை இன்னொரு முறை பார்ப்பார். அந்தப் பார்வையில் விஜிதாவின் ஆய்வு முடிந்துபோகும்.

6

முடிவுகள்:

(அ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். கைதட்டல். — போஸ்டருக்கு யாரும் கைதட்டுவதில்லை. அடித்தேன்.

(ஆ) பதில் சொல்லாமல் ஆந்தை மாதிரிக் கத்துகிறான். காவலாளி ஓடி வருகிறார். — எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நன்றாகக் கத்துகிறவள் விஜிதா. அவன் கத்தினால் ஆட்டுக்குட்டி.

(இ) விஜிதா உண்மையிலேயே பின்னால் வந்து, என் தேநீர் எங்கே என்று

7

இனி நீங்கள்தான். கையில் கோப்பையோடு அந்தப் போஸ்டர் வரிசையில் வருகிறீர்கள். மீசைக்காரன், கழுத்தில் இரண்டு அட்டை. போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டீர்கள். அவன் உங்கள் வாயையே பார்க்கிறான். லேசாக எலுமிச்சை வாசனை.

முதல் பெயரைப் பற்றிக் கேட்டால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். அவனுக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பாதி எலியைப் பற்றிக் கேளுங்கள்.