மலையை நகர்த்தாதவள்

யோஸ்வாவின் பெயரைக் கேட்டாலே போலெத்தேவுக்கு நாக்கு கசக்கும். வடகோடிப் பனிநாட்டின் சிசிமியுட் ஊரில் ஓவியர் என்று சொல்லிக்கொள்ள இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தன் இந்த லட்சணத்திலா இருக்க வேண்டும்? கொம்பு உதிர்ந்து மாதக்கணக்கான கிடாமானுக்கு நடுப்பனியில் கொம்பு வைப்பான். கடலோரம் சிவனே என்று நிற்கும் நசாசாக் மலையைப் பெயர்த்துக்கொண்டு போய், நாலு நாள் நடைக்கு அப்பால் இருக்கும் ஏரியின் தலைமாட்டில் வைப்பான். கேட்டால் ஒரு இளிப்பு.

"நின்னு நின்னு அதுக்குக் கால் வலிச்சிருச்சு போலெத்தே. கொஞ்சம் நடந்து வந்துருச்சு."

கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் அதையும் அள்ளிக்கொண்டு போகும். விவரம் கெட்டதுகள்.

இப்போது ஊர்மன்றத்துக்குப் புதுக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய சுவருக்கு ஒரே ஒரு படம். அந்தச் சுவரில் யோஸ்வாவின் புளுகு ஏறிவிட்டால் இனி தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவுகட்டித்தான் போலெத்தே வண்ணப்பெட்டியை முதுகில் ஏற்றினாள். மான் வேட்டைக்குக் கிளம்பிய தம்பி ஏனோக்குடன் படகில் கடற்கால்வாயின் கோடிவரை போய், அங்கிருந்து இரண்டு நாள் நடந்து அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாள்.

அவர்கள் அப்பா கண்டுபிடித்த, மான் நிறைந்த இடம். அவர் போனபின் அக்கா தம்பி இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நாட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலி. குளிர்காலம் முழுக்க ஏனோக்கின் நாலு பிள்ளைகள் தின்பது இங்கே கிடைக்கும் இறைச்சியைத்தான்.

ஓவியத் தாங்கியின் கால்களுக்குக் கல்லை அண்டக்கொடுத்து, பலகையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வரைய உட்கார்ந்தாள். காற்று நின்றால் கொசு, கொசு போனால் காற்று. படத்தின் ஈர வானத்தில் வந்து அப்பிய கொசுக்களைக் கத்தி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். யோஸ்வாவாக இருந்தால் அதற்கு ரெண்டு இறக்கை இழுத்து, கழுகு என்று விற்றிருப்பான்.

மூன்றாம் நாள் ஏனோக் மான்தொடைகளைச் சுமந்துகொண்டு வந்தான். சுமையை இறக்காமலே அவள் பின்னால் நின்று பார்த்தான்.

"அக்கா, நல்லாருக்கு. நெசமாவே நல்லாருக்கு. அந்த ரெட்டை முகட்டை மட்டும் எடுத்துரேன்."

"எதுக்கு?"

"படகுல வரும்போதே தெரியுற முகடு அது. அதையும் இந்த வெள்ளைப் பாறையையும் சேர்த்து வெச்சா, கூட்டிட்டு வந்து காட்டுன மாதிரி ஆயிரும்."

"அப்போ யோஸ்வாவை வரையச் சொல்லு."

"அவன் மாமாவும் மானுக்குப் போறவர்தானே. மலைய அவன் சும்மாவா நகர்த்தினான்?"

போலெத்தே சிரித்தேவிட்டாள். "அவனுக்கு வரைய வராது. அதுக்கு நீ ஒரு காரணத்தைக் கண்டுபிடி. டேய், நம்ம ஊர்ல படம் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தனைக் காட்டு பார்ப்போம். இருபது வருஷமா வரையுறேன். எவனாவது ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்திருக்கானா? கண்காட்சிக்கு வந்தா கேக்கைத் தின்னுட்டு வாயைத் துடைச்சிட்டுப் போற கூட்டம்."

"பிள்ளைங்க சோறு அக்கா அது."

"உன் பிள்ளைங்க சோத்துக்கு நான் பொய் வரையணுமா?"

ஏனோக் சுமையை இறக்கிவைத்தான். திரும்பும்போது அந்த ஈரப் பலகையை அவனேதான் முதுகில் கட்டிச் சுமந்தான், எங்கும் உரசிவிடாமல்.

தேர்வானது போலெத்தேவின் படம்தான். திறப்பு நாளன்று காப்பி, கேக், தின்ன நறுக்கிவைத்த திமிங்கலத் தோல் என்று மேசை நிறைந்திருந்தது. மேசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மொத்த ஊரும் படத்தின் முன்னால் நின்றது. மீன் ஆலையில் வேலை பார்க்கும் ரெபெக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு உரசும் தூரத்தில் நின்றாள். டாக்ஸி ஓட்டும் ஊட்டோ குந்தி உட்கார்ந்தே பார்த்தான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. போலெத்தே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக இந்த ஜனங்கள் பார்க்கிறார்கள்!

"வெள்ளைப் பாறை ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று ரெபெக்கா கேட்டாள்.

"அந்தப் பக்கம். சாயங்கால வெயில் ஏரியைத் தாண்டி வந்து அது மேல விழும். அதுக்காகவே மூணு நாள் காத்திருந்தேன்."

"அப்போ ஏரி மேற்கால இருக்கு."

"ஆமா."

"ரெண்டாவது ஏரியா, மூணாவதா?" இது ஊட்டோ.

"மூணாவது. ரெண்டாவதுல தண்ணிக்கு இந்த நிறம் வராது."

"அதானே. படகை எங்க கட்டுனீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வாசலில் ஏனோக் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மூலையில் நின்ற யோஸ்வாவின் முகத்தில் இளிப்பே இல்லை.  போலெத்தே இரண்டே எட்டில் சுவரை அடைந்து, உள்ளங்கையை விரித்து ரெட்டை முகட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எண்ணெய் வண்ணம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. முகடு, பாறை, வெயில் எல்லாம் ஒரே சாம்பல் சகதியாக இழுபட்டன.

 ரெபெக்காதான் ஓடிவந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? சரி, அழாத. ஒண்ணும் வீணாப் போகல. நாங்க அத்தனை பேரும் போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்கோம்."