கத்தி படாத தாடி

மழித்த முகத்தோடு திரிந்த ஒருவன் திடீரென்று தாடி வைத்தால், அதற்குக் காரணம் கூறும் உரிமை அவனுக்கு இல்லை, ஊருக்குத்தான் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இவ்விதியைத் திண்டுக்கல்லில் மீறத் துணிந்தவர் எவரும் இலர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், காய்கறி மண்டியில் எடை போடும் சோலைமலை அவ்விதிக்கு இரையானான். அவனை முதலில் ஐயுற்றவர் அயலார் அல்லர். அவனுடைய மாமனார் பொன்னுத்துரை.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து கத்தரிக்காய் மூட்டைகளுடன் வந்திறங்கிய பொன்னுத்துரைக்குத் தராசின் பின்னால் நின்றவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னங்களில் அடர்ந்தும் மோவாயின் கீழே ஒட்டச் சிறுத்தும், சீப்பால் படிய வாரியும் ஒரு தாடி. அதற்குள்ளிருந்து மருமகனின் கண்கள் விழித்தன.

"என்ன மாப்ள, பழனிக்கு நேர்ந்திருக்கீகளா?"

"இல்ல மாமா. சும்மாதான்."

"சும்மா வளருறது கோரப்புல்லு. தாடிக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

"மொகத்துக்கு நல்லாருக்கும்னாக. வச்சேன்." சோலைமலை மாமனாரைப் பார்க்காமல் கூலியாளிடம் திரும்பினான். "ஏப்பா, அடுத்த மூட்டையத் தூக்கு!"

பார்வையைத் திருப்பிக்கொண்டதுதான் பிழையாயிற்று. பொன்னுத்துரை யோசித்தார். நேர்த்திக்கடன் தாடியைக் கத்தரிப்பதில்லை. இதுவோ தோட்டத்து வேலிபோல் வெட்டப்பட்டிருந்தது. துக்கமென்றால், அக்குடும்பத்தில் அண்மையில் எவரும் இறக்கவில்லை. எஞ்சியது ஒரே காரணம். மனைவி கருவுற்றிருக்கும்போது, குழந்தை பிறக்கும்வரை கணவன் தன் முகத்தில் சவரக்கத்தி படவிடான். அது அவர்கள் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் அவருடைய மகள் கருப்பம்மாளுக்கு இருமுறை கரு தங்காமற்போனபின் எந்த நற்செய்தியும் இல்லை. சென்ற மாதம் ஊர்த்திருவிழாவுக்கு அழைத்தபோதுகூட, உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்படியானால் இந்தத் தாடி யாருக்காக?

மேல ரத வீதியில் ராயப்பராஜ் என்பவரின் சலூன் இருந்தது. சவரத்துக்கு வந்தவர்போல் பொன்னுத்துரை அங்கே பெஞ்சில் அமர்ந்தார். அவர் முகத்திலும் பத்துநாள் முடி இருந்தது. எனவே எவரும் வியக்கவில்லை. நாற்காலியில் மண்டித் தரகர் முத்துச்சாமி முகம் முழுக்க நுரையுடன் சாய்ந்திருந்தார்.

"எங்க மாப்ள சோலைமலைக்குத் தாடி வச்சுவிட்டது நீங்கதானா?"

ராயப்பராஜ் மகிழ்ந்துபோனார். "நானேதான் பெரியவரே! அவரு மொகம் பொடலங்கா. நீளம். கீழ தாடி விட்டா இன்னும் ரெண்டு வெரக்கட நீண்டு, குதிர மொகமாயிரும். அதனால கன்னத்துல சதை வச்சாப்புல அடத்தியா விட்டு, நாடிக்குக் கீழ ஒட்டக் கத்தரிச்சேன். இப்பப் பாருங்க, ராச களை!"

"மேல் ஓரமெல்லாம் பூனை மசுரு மாதிரி நிக்குதே. அத ஏன் எடுக்கல?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஓரத்துல கத்தி போட்டாத்தானே எடுப்பா இருக்கும்? 'என்ன வேணா செய்யி, மொகத்துல கத்தி மட்டும் படக்கூடாது, கத்திரிதான்'னு ஒத்தக்கால்ல நின்னுட்டாரு."

நுரை பூசிய முகம் மெல்லத் திரும்பிற்று. "கத்தி படக்கூடாதுன்னா வீட்ல விசேசம்னுல்ல அர்த்தம்? கருப்பம்மா முழுகாம இருக்கா?"

"எம் மகளுக்கு ஒண்ணுமில்ல!" பொன்னுத்துரையின் குரல் வீதிவரை கேட்டது.

"அப்ப விசேசம் வேற வீட்லயாக்கும்," என்றார் முத்துச்சாமி, வானிலை கூறுபவரைப்போல. "வெள்ளிக்கிழமையானா அரைநாள் லீவு சொல்லிட்டுக் கொடைரோட்டுக்குப் போறாரே. அங்க என்ன, ரயிலுக்குத் தண்ணி காட்டவா போறாரு?"

எத்தனை இழிவான சொல்! ஆயினும், ஐயம் கொண்ட மனத்துக்கு இழிவான சொல்லே இனிப்பாக இருக்கிறது. திரும்பிய பார்வை, தீண்டாத கத்தி, கொடைரோடு ஆகிய மூன்றையும் பொன்னுத்துரை கோத்துப் பார்த்தார். நான்காவதாக ஒருத்தி தோன்றிவிட்டாள். அவளுக்கு வயிறும் தோன்றிவிட்டது. சவரம் செய்துகொள்ளாமலே எழுந்து நடந்தார்.

மலையடிவாரத்துச் சந்தில் இருந்த வீட்டில் கருப்பம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை, மூலையில் இருந்த தகரப்பெட்டியைத் தூக்கினார்.

"துணிமணிய எடு தாயி. கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

"எங்கப்பா?"

"நம்ம வீட்டுக்கு. ஒம் புருசனுக்குக் கொடைரோட்டுல இன்னொரு குடும்பம் இருக்கு. அவ முழுகாம இருக்கா. அதுக்குத்தான் அந்தத் தாடி. எம் மகள மலடின்னு ஒதுக்கிட்டு ஒருத்தன் தாடி வளத்துக்கிட்டுத் திரிவான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

கருப்பம்மாள் எழுந்து கதவைத் தாழிட்டாள்.

"பொட்டியக் கீழ வைங்கப்பா. நான் பஸ்ஸுல ஏறக்கூடாது."

"எவன் சொன்னான்? அவனா?"

"கொடைரோட்டு நர்சம்மா சொன்னாக. குலுங்குற வண்டி எதுலயும் ஏறக்கூடாதாம். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனாக. வாராவாரம் அவுககிட்ட மருந்து வாங்கத்தான் அவரு போறாரு. இங்கன உள்ள ஆசுபத்திரிக்குப் போனா மறுநாளே மண்டிக்குத் தெரிஞ்சிரும்." தன் வயிற்றின்மேல் முந்தானையை இழுத்துவிட்டாள். "நாலாம் மாசம்."

பொன்னுத்துரை பெட்டியை வைத்தார். மகிழ்ச்சி வருவதற்கு முன்னே சினம் வந்தது.

"பெத்த அப்பன்கிட்ட இத மறைக்கிறதா?"

"மொதத் தடவ ஒங்ககிட்டச் சொன்னேன். மறுநாளே கொட்டடிச்சுக் கெடா வெட்டுனீக. ரெண்டாந்தடவயும் சொன்னேன். சந்தைக்கு வந்த சனத்துக்கெல்லாம் சர்க்கர குடுத்தீக. ரெண்டும் தங்கல. அம்புட்டுக் கண்ணும் பட்டுப்போச்சுன்னு நான் நெனைக்கிறேன். நீங்க நம்ப வேணாம். இந்தத் தடவ வாய மட்டும் மூடிக்கங்க, போதும்."

"அப்ப அந்தத் தாடி?"

"கத்தி படக்கூடாதுங்கிறது நம்ம வழக்கம். காடா விட்டா, பாக்குறவுக எல்லாம் விசேசமான்னு கேப்பாக. அதான், மைனரு மாதிரி அழகுக்கு வச்சிருக்காருன்னு நெனைக்கட்டும்னு மொகத்துக்குத் தக்கன கத்தரிச்சாரு. அவருக்கு அது புடிக்கவேயில்ல. சாப்புடயில மோரெல்லாம் அதுல ஒட்டுது."

பொன்னுத்துரை தரையைப் பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"யாருகிட்டயும் எதுவும் சொல்லிட்டீகளா?"

"சலூன்ல... முத்துச்சாமி இருந்தாரு."

"சாந்தரத்துக்குள்ள ஊரு முழுக்கப் போயிரும்ப்பா! அவருக்கு ரெண்டாங்குடும்பம்னு சொல்லட்டும், அத நான் தாங்கிக்கிருவேன். ஆனா பொம்பளைக துக்கம் கேக்குறோம்னு இங்க வருவாக. என்னப் பாத்த மாத்திரத்துல கண்டுபுடிச்சிருவாக."

பொன்னுத்துரை வந்த வழியே திரும்பி விரைந்தார். நல்வேளையாக முத்துச்சாமி இன்னும் போகவில்லை. மழித்த கன்னத்தைத் தடவியபடி, பெஞ்சில் இருந்த வேறிருவருக்குக் கொடைரோட்டைப் பற்றித்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, போன வேகத்துல வந்துட்டீக?"

"மாப்ளையக் கேட்டுட்டேன்," என்று நாற்காலியில் அமர்ந்தார் பொன்னுத்துரை. வாழ்நாளில் திருத்தமாக ஒரு பொய் சொல்லிப் பழகாத மனிதர், சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "கத்தி பட்டா அவனுக்கு மொகமெல்லாம் செரங்கு கட்டுதாம். கொடைரோட்டுல ஒருத்தரு களிம்பு குடுக்குறாரு. வேற ஒண்ணுமில்ல. தாடி அவனுக்கு எடுப்பாத்தான் இருக்கு. ராயப்பராஜ், எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வச்சுவிடுங்க."

"அதே மாதிரியா?" ராயப்பராஜ் அவர் மோவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். "ஆகாது ஐயா. ஒங்க மொகம் பூசணி. கன்னத்துல முடி நின்னா இன்னும் அகலும். ரெண்டு பக்கமும் சுத்தமா வழிச்சுட்டு, நாடியில மட்டும் கூரா விட்டாத்தான் மொகம் நீண்டு தெரியும்."

"அப்பக் கத்தியவே போடுங்க. எனக்குச் செரங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

முத்துச்சாமி ஐயம் தீராதவராய்க் கண்ணாடியில் அவர் முகத்தை நோக்கினார்.

"மருமகனுக்குச் செரங்கு, சரி. பேரன் எடுக்குற வயசுல ஒங்களுக்கு எதுக்குத் தாடி? ஒச்சம்மா முழுகாம இருக்காகளோ?"

கடை குலுங்கச் சிரித்தது. தம் மனைவியின் பெயரை இவ்வாறு இழுத்தவனை வேறொரு நாளில் பொன்னுத்துரை சும்மா விட்டிருக்கமாட்டார். கழுத்துத் துணிக்குள் அவருடைய கைகள் இறுகின. பின்பு, இந்தச் சிரிப்பில் கொடைரோடு மறந்துபோகட்டும் என்று கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமான்னுதான் வச்சுக்கங்களேன். போயி மண்டியில சொல்லுங்க."

முத்துச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உடனே எழுந்து போனார். ராயப்பராஜ் கத்தியைத் தோல்வாரில் தீட்டத் தொடங்கினார்.