சுவருக்குப் பாடியது

அம்மாவின் வலது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டைவிரலில் இருந்த காய்ப்பு மகளின் கையில் தட்டுப்பட்டது. கத்திரிக்கோல் பிடித்துப் பிடித்து ஏறிய காய்ப்பு. மற்றதெல்லாம் வற்றி எலும்பும் தோலுமாகியிருந்தது. அது மட்டும் கொஞ்சமும் இளைக்கவில்லை.

விடியும் நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. இப்போது வெயில் ஜன்னலுக்குள் வந்துவிட்டது, இன்னும் அவளுக்கு அழுகை வரவில்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவளைப் புரட்டி, குளிப்பாட்டி, கஞ்சி புகட்டியவளுக்கு முதலில் வருவது தூக்கம்தான். அதை வெளியே சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு துடைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்? வண்டி கிளம்பிடுச்சாம்," என்று அண்ணி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"வரட்டும் அண்ணி. அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"நீ பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

"குடிக்கிறேன்."

நீளமான ஒரே அறை அது. நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் கட்டில், ஜன்னலை ஒட்டி அம்மாவின் தையல் மெஷின். அந்தப் பக்கம் அடுப்பு மேடையும் வாசல் கதவும். கதவோரம் ஒரு நாற்காலியில் டிரைவர் வீட்டு அத்தை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். டிரைவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் அவளுக்கு அந்தப் பெயர் போகவில்லை.

துடைக்கும் கை ஓயாமலிருக்க மகள் பாட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுதான்.

"தெருவோரம் காத்து வருது கண்ணே
திரும்பாமக் கண்ணுறங்கு
கதவோரம் காத்து வருது கண்ணே
அசையாமக் கண்ணுறங்கு..."

அம்மா கொஞ்சுகிற ஜாதியில்லை. கட்டிப்பிடித்ததோ தலையைக் கோதியதோ மகளுக்கு நினைவில்லை. பள்ளிக்கூட உடுப்புகளும் தலையணை உறைகளும் மலைபோலக் குவிந்திருக்கும், அவற்றுக்கு நடுவில் அம்மாவின் குனிந்த முதுகு. பிள்ளைகளிடம் பேசுவதுகூட 'சாப்டியா, நகரு, வெளிச்சத்தை மறைக்காதே' என்ற அளவில்தான். ஆனால் சில மாலைகளில் திடீரென்று மெஷின் நிற்கும். அம்மா கணீரென்று தாலாட்டு பாடுவாள். மகள் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு, சமர்த்தாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். தூக்கமே வராது. ஆனாலும் அம்மா பாடுகிறாளே!

அவள் தாவணி வயதைத் தாண்டிய பிறகும் அது தொடர்ந்தது. "கழுதை வயசாகுது, இன்னும் தாலாட்டு கேக்குது உனக்கு," என்று அண்ணன் கிண்டலடிப்பான். அவனுக்கு அம்மா ஒரு நாளும் பாடியதில்லை. அந்தப் பொறாமையை மகள் பத்திரமாக அனுபவித்தாள். என் அம்மாவுக்கும் பாசம் உண்டு, இதோ சாட்சி என்று புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். தன் குழந்தைக்கும் இதே பாட்டைத்தான் பாடித் தூங்க வைத்தாள்.

இரண்டாவது தடவை 'காத்து வருது' என்றபோது திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. தாழ்ப்பாள் சடாரென்று விழுந்தது.

"அத்தே, என்ன ஆச்சு?" அண்ணியின் குரல் பதறியது.

மகள் எட்டிப் பார்த்தாள். அத்தை கதவில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பாத்திரம் தரைக்கு வந்து, மேடைக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தது. காய் நறுக்கும் கத்தி அவள் முந்தானைக்குள் இருந்தது.

வெளியே அண்ணன் கதவைத் தட்டினான். "யாரு தாழ்ப்பாள் போட்டது? நாற்காலி கொண்டு வந்திருக்கேன்."

அத்தை தன் கையையே வேற்று ஆளின் கையைப் போலப் பார்த்தாள். பிறகு கத்தியை மேடையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அண்ணன் நாற்காலிகளை இறக்கி, மனைவியைக் கண்ணால் கேட்டான். அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். பாவம், கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்ற முடிவோடு இருவரும் வண்டிக்கு வழிகாட்டக் கீழே இறங்கிப் போனார்கள்.

"எதுக்கு அத்தே கதவைச் சாத்தினீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

அத்தை கட்டில் பக்கம் வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்பது போலிருந்தது.

"உங்கம்மா மெஷின்லேருந்து பார்த்தா தெருமுனை தெரியும். எங்க வீட்டுல ஜன்னலே கிடையாது. எங்க வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றப்ப சட்டைக்கையை மடிச்சு விட்டிருந்தார்னா, அன்னைக்கு யாரையாவது அடிக்காம விடமாட்டார். உங்கம்மா அதைப் பார்த்ததும் காத்து வருதுன்னு பாடுவாங்க. நான் கொதிக்கிறது, வெட்டுறது எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிட்டு, பிள்ளைங்களை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திடுவேன். கோபம் இறங்கினப்புறம்தான் திறப்பேன்."

"பாட்டுல மழை ஓஞ்சுதுன்னும் ஒரு அடி வருமே?"

"கையை மடிக்கலேன்னா அதைப் பாடுவாங்க. அன்னைக்கு நிம்மதியா சோறு வடிப்பேன்."

மகளின் கையிலிருந்த துணியிலிருந்து நீர் சொட்டியது.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"குழந்தை, வாய்தவறி எங்கேயாவது உளறிடும்னு உங்கம்மாதான் வேண்டாம்னாங்க. அப்புறம் அவரும் போயிட்டார். அதுக்கு மேல சொல்லி என்ன ஆகப்போகுது?"

நல்ல காரியம்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். மகளுக்கு ஆத்திரம்தான் வந்தது. எத்தனை மாலைகள் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பொய்த்தூக்கம் தூங்கியிருக்கிறாள்! தலைமாட்டில் அம்மா பாடுகிறாள் என்று நினைத்தாளே, அம்மா ஒரு நாளாவது இவள் பக்கம் திரும்பிப் பாடியிருக்கிறாளா? நினைத்துப் பார்த்தால் ஜன்னல்தான் தெரிந்தது. ஜன்னல், அம்மாவின் பின்னங்கழுத்து, சுவர்.

"அப்ப எனக்குன்னு பாடவே இல்ல," என்றாள். செத்தவளை வைத்துக்கொண்டு இப்படிக் கணக்குத் தீர்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பொய் சொல்லிச் சமாதானப்படுத்துகிற தெம்பு அத்தைக்கும் இல்லை.

மகள் துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டாள். போனதெல்லாம் போகட்டும், மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"கடைசி அடிக்கு என்ன அர்த்தம்? அதுக்கு என்ன செய்வீங்க?"

"கடைசி அடியா?"

"அதான் அத்தே. ஊசி நூலு..."

"பாடு பார்ப்போம்."

மகள் சலிப்போடு பாடினாள்.

"ஊசிக்கு நூல் தீரலையே கண்ணே
உட்கார்ந்து கால் மரத்துப் போச்சே
நீ உறங்கி எழுமுன்னே கண்ணே
நான் ஒருபொழுது சாய்வேனோ..."

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தடவை," என்றாள். மகள் மறுபடியும் பாடினாள்.

"இது எனக்குத் தெரியாதே கண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்த யோசிக்கிறது? அந்தப் பாட்டுல ஒரு எழுத்து விட்டிருந்தா நான் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பேனா? இது எங்க சுவத்துக்கு வந்ததே இல்ல."

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அடியை அம்மா கணீரென்று பாடியதில்லை. மெஷின் எண்ணெய் வாசனையோடு, காதுக்கு மிகப் பக்கத்தில், பாதிப் பேச்சாகத்தான் அது வரும். காய்ச்சலில் கிடந்தபோது கேட்டிருக்கிறாள். அரைத்தூக்கத்தில் பல தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பொருளை யோசித்ததில்லை. ஒருபொழுது சாய்வேனோ என்று தன்னிடம்தான் கேட்டிருக்கிறாள். இவள் தூங்கிப் போயிருக்கிறாள்.

அழுகை இப்போது வந்தது. சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. அம்மாவின் காய்ப்பேறிய கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, கட்டிலில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. படிகளில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் வந்தது. அத்தை திரையை இழுத்துவிட்டாள். கதவருகே போய், இந்த முறை ஓசைப்படாமல் தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அத்தே? வண்டி வந்தாச்சு. கதவைத் திறங்க."

"கொஞ்சம் பொறு தம்பி," என்றாள். "ரெண்டு பேரும் சாஞ்சிருக்காங்க."